39 மில்லிமீற்றருக்குள் ஒரு ஊர்

போக்கர் விளையாடுகிறவர்கள் சிப்பின் முகத்தை அதிகம் பார்ப்பதில்லை. அவர்கள் பார்ப்பது விளிம்பை. சிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தபின் வெளியே தெரிவது ஏறத்தாழ மூன்றேகால் மில்லிமீற்றர் தடிப்புள்ள அந்தப் பக்கவாட்டு மட்டும்தான். எதிரில் இருப்பவரிடம் எவ்வளவு மிச்சம் என்று மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவதற்கு உதவுபவை அந்த விளிம்பில் மாறி மாறி வருகிற நிறக் கட்டங்கள். கசினோக்களில் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் கமெராவுக்கும் அவைதான் அடையாளம். ஆங்கிலத்தில் 'எட்ஜ் ஸ்பொட்' என்பார்கள். நான் விளிம்புக் கட்டம் என்றே எழுதப்போகிறேன்.

கலைப்பீடத்தில் தமிழ் படிக்கிற ஒருத்திக்கு இந்த விசயமெல்லாம் ஏன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் ரொறன்ரோவில் இருக்கிற அண்ணா, பெரியம்மாவின் மகன். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் சனிக்கிழமை இரவில் அவரும் ஏழு சிநேகிதர்களும் அவருடைய வீட்டு பேஸ்மென்டில் கூடிப் போக்கர் விளையாடுவார்கள். எட்டுப் பேரும் வடமராட்சிப் பக்கத்து ஆட்கள். கடையில் வாங்கிய சிப்புகளில் மண்டையோடும் டிராகனும் இருக்கிறதாம்.

"எங்கட செட்டில எங்கட ஊர் இருக்கட்டும் தங்கச்சி. பருத்தித்துறை எண்டு தமிழில போடு. நம்பரையும் பழைய தமிழ் நம்பரில போடு. நீ படம் கீறுவாய்தானே."

கீறுவேன்தான். ஆனால் பென்சிலால். முந்நூறு சிப்புகளை அச்சடிக்கிற கம்பனிக்குப் பென்சில் படம் தேவையில்லை. அவர்களுக்கு வேண்டியது வெக்டர் ஃபைல். அப்படித்தான் இந்தப் படிப்பு தொடங்கியது. ஒரு செமெஸ்டர் முழுக்க இரவில் மூன்று பேருடன் பகிர்ந்துகொள்கிற அறையில், நாலு ஜிபி றாம் உள்ள பழைய லப்டொப்பில்.

அம்மாவுக்கு இது துண்டறப் பிடிக்கவில்லை. அம்மா ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. "சூதாட்டத்துக்குப் படம் கீறிக் குடுக்கப் போறியோ?" என்றார். எங்கள் வீட்டில் காட்ஸ் என்றால் 304 மட்டும்தான். அதில் காசு கிடையாது. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் சேர்த்து 304. ஒரு கட்டில் 32 காட்ஸ்தான் விளையாட்டுக்கு எடுபடும். மிச்சமாகிற இருபதையும், அதாவது இரண்டு முதல் ஆறு வரையானவற்றை, வெற்றி தோல்வி எண்ண வைத்துக்கொள்வோம். யாருடைய வீடும் 304இல் அழிந்ததில்லை என்பது அம்மாவின் வாதம்.

நான் அண்ணாவிடம் விசாரித்து அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவர்கள் விளையாடுவது டூர்ணமென்ட் முறை. தொடக்கத்தில் எல்லோரும் ஒரே சிறிய தொகையைப் போடுவார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு சிப். அதில் இருக்கும் 1000 என்பது ஆயிரம் டொலர் இல்லை, ஆயிரம் புள்ளி. சிப் முடிந்தால் எழும்பிப் போய் மற்றவர்களுக்குத் தேத்தண்ணி போடவேண்டியதுதான். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தருமரும் விளையாட்டு எண்டுதான் இருந்தவர்."

அம்மா சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. காசைக் காசு மாதிரித் தெரியாமல் செய்வதுதான் சிப்பின் வேலைகளில் ஒன்று. கையில் ஐயாயிரம் ரூபாய்த் தாளை வைத்திருக்கும்போது வருகிற தயக்கம் ஒரு நிற வட்டத்தைத் தள்ளும்போது வராது. அதனால் அண்ணாவிடம் ஒரு நிபந்தனை போட்டேன். எந்தச் சிப்பிலும் டொலர் குறியோ ரூபாய்க் குறியோ வராது. வெறும் எண் மட்டும். அவர் அதற்கு உடனே ஓம் என்றுவிட்டார். சண்டை வந்தது வேறொரு விசயத்தில். அதற்குப் பிறகு வருகிறேன்.

மாதாமாதம் டொலரில் வாடகை கட்டுகிற மென்பொருள் எனக்கு எட்டாது. நான் இறக்கிக்கொண்டது இங்க்ஸ்கேப். 2003இலிருந்து உலகம் முழுக்க உள்ள ஆட்கள் சேர்ந்து எழுதிவருகிற இலவச மென்பொருள். அதைத் திறந்த முதல் நாள் எனக்குப் பிடித்தது வரைகிற பலகை அல்ல. சேமித்த ஃபைலைச் சும்மா நோட்பாட்டில் திறந்து பார்த்தபோது உள்ளே எழுத்து இருந்தது. படம் என்று நினைத்தது உண்மையில் ஒரு வசனம். இங்கே மையம், இவ்வளவு ஆரை, இந்த நிறம். போட்டோவுக்குள் இருப்பது சின்னச் சின்ன நிறச் சதுரங்கள். பெருப்பித்தால் உடையும். வெக்டரில் இருப்பது கட்டளை. 39 மில்லிமீற்றர் சிப்புக்கும் அதே கட்டளைதான், சுவர் அளவு பதாகைக்கும் அதே கட்டளைதான். மொழி படிக்கிற ஆளுக்கு இது நல்லாய் விளங்குகிற சங்கதி.

வளைவுகளையும் இப்படியே எழுதலாம். இரண்டு புள்ளிகள், ஒவ்வொன்றிலும் இருந்து நீளுகிற ஒரு கைபிடி. கைபிடியை இழுத்தால் கோடு அந்தப் பக்கம் வளையும். இதற்குப் பெஸியே வளைவு என்று பெயர். பியர் பெஸியே ரெனோ கார் கம்பனியில் வேலை செய்த பொறியியலாளர். அவருக்குச் சற்று முன்னரே, 1959இல், சித்ரோவன் கம்பனியில் இருந்த போல் டி காஸ்டெல்ஜோ இதே வளைவுகளைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் கம்பனி அதை இரகசியமாக வைத்திருந்ததால் வெளியே எழுதிய பெஸியேயின் பெயர் நிலைத்துவிட்டது. காரின் உடம்பை வளைக்கக் கண்டுபிடித்த கணக்கில்தான் இன்றைக்கு நாங்கள் பார்க்கிற எழுத்துருக்கள் எல்லாம் நிற்கின்றன.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பெஸியே வளைவால் முழுமையான வட்டம் கீற ஏலாது. நாலு புள்ளி வைத்துக் கீறுகிற 'வட்டம்' உண்மை வட்டத்திலிருந்து அதிகபட்சம் 0.027 சதவீதம் விலகும். 39 மில்லிமீற்றர் சிப்பில் அந்த விலகல் ஒரு மில்லிமீற்றரின் இருநூறில் ஒரு பங்கு. தலைமயிரின் தடிப்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் குறைவு. எந்தக் கண்ணுக்கும் தெரியாது. போதும் என்கிற இடத்தில் நிறுத்துவதும் ஒரு கணக்குத்தான் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது.

எந்தச் சிப்பில் எந்தப் படம் என்று தீர்மானிக்க அதிகம் யோசிக்கவில்லை. 25க்கு வடை. பருத்தித்துறை வடையைச் சாப்பிட்டவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை, அது பிறக்கும்போதே சிப் மாதிரித்தான் பிறக்கிறது. 100க்குப் பனை. 500க்குத் தெருமூடி மடம். 1000க்கு வெளிச்சவீடு.

வெளியூர்க்காரருக்காக ஒரு வரி: தெருமூடி மடம் என்பது பெயரிலேயே சொல்வதுபோலத் தெருவை மூடி நிற்கிற மடம். பாதை அதன் கூரைக்குக் கீழாலேயே போகும். இரண்டு பக்கமும் கற்றூண்கள், திண்ணை.

போட்டோவைக் கொடுத்தால் அதைத் தானாகவே வெக்டராக மாற்றித் தருகிற வசதி இங்க்ஸ்கேப்பில் இருக்கிறது. மடத்தின் போட்டோ ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். ஆயிரக்கணக்கான புள்ளிகளோடு ஒரு படம் வந்தது. தூணில் இருந்த பாசியும் விழுந்த நிழலும் மேலே போன மின்கம்பியும் எல்லாம் அதில் இருந்தன, மடம் மட்டும் இல்லை. 12 மில்லிமீற்றருக்குச் சுருக்கினால் கரிக்கட்டை. கையால் கீறியதில் 38 புள்ளிகள். நாலு தூண், ஒரு கூரைச் சரிவு, நடுவில் ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் தெரு. அது இல்லாவிட்டால் அது வெறும் கொட்டில். வெளிச்சவீட்டுக்கு அதைவிடக் குறைவு, ஒரு தூணும் தலையில் ஒரு கூண்டும். எதைக் கீறுகிறோம் என்பதைவிட எதை விட்டால் ஊர்க்காரன் "இது எங்கட மடம் இல்லை" என்பான் என்று கண்டுபிடிப்பதில்தான் நேரம் போனது.

விளிம்புக் கட்டங்களுக்கு ஒரு சுகமான வழி இருக்கிறது. ஆறு கட்டத்தையும் தனித்தனியாகக் கீறத் தேவையில்லை. வட்டத்தின் உச்சியில் ஒன்றைக் கீறவேண்டும். அதை இரண்டு தரம் அழுத்தினால் நடுவில் ஒரு சிறு சிலுவைக்குறி வரும். அதுதான் சுழற்சி மையம். அதை இழுத்துக்கொண்டு போய்ச் சிப்பின் நடுவில் வைத்துவிட்டு, 'டைல்ட் க்ளோன்ஸ்' என்கிற பெட்டியில் ஒரு வரிசை, ஆறு நிரல், ஒவ்வொன்றுக்கும் 60 பாகை சுழற்சி என்று கொடுக்கவேண்டும். கிடைநகர்வுக்கு -100% கொடுப்பதை மறக்கக்கூடாது. இல்லாவிட்டால் பிரதிகள் வட்டத்தைச் சுற்றாமல் ஊர்வலம் மாதிரிப் பக்கவாட்டில் நடந்துபோய்விடும். இதில் நல்ல விசயம், பிரதிகள் எல்லாம் தாயைப் பார்த்தே நடக்கும். தாய்க் கட்டத்தின் நிறத்தை மாற்றினால் ஆறும் மாறும்.

கட்டத்தை வட்டத்தின் கோட்டோடு நிறுத்தாமல் இரண்டு மில்லிமீற்றராவது வெளியே நீட்டி விடவேண்டும். அச்சில் படம் கொஞ்சம் அங்கே இங்கே ஆடும். நீட்டாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியும். கசினோக்களில் பாவிக்கிற களிமண் கலவைச் சிப்பில் வேறு நிறக் கலவையை வெட்டி உள்ளே வைத்து அழுத்துவார்கள், கட்டம் சிப்பின் உடம்போடு உடம்பாக இருக்கும். நாங்கள் தெரிந்தெடுத்தது செரமிக். வெள்ளைச் சிப்பின் மேல் சூட்டினால் சாயத்தை ஏற்றுகிற முறை. முகம் முழுக்க, விளிம்பிலும்கூட, எதையும் அச்சிடலாம். ஒரேயொரு நிபந்தனை: வெள்ளை மை கிடையாது. வெள்ளை வேண்டுமென்றால் அந்த இடத்தை அச்சிடாமல் விடவேண்டும். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

இனித் தமிழ்.

வட்டத்தைச் சுற்றி எழுத்தை ஓடவிட இங்க்ஸ்கேப்பில் ஒரு கட்டளை போதும். ஆனால் இலத்தீன் எழுத்துக்கு வட்டம் ஒரு மாதிரி, தமிழுக்கு வேறு மாதிரி. வளைவின் மேல் எழுத்துகள் நிற்கும்போது அவற்றின் தலைகள் விரியும், கால்கள் நெருங்கும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்குக் கீழே தொங்குகிற கால் பெரும்பாலும் இல்லை. 'பருத்தித்துறை'யில் 'ரு'வும் 'து'வும் காலை நீட்டிக்கொண்டு இருக்கின்றன. மேலே இரண்டு புள்ளி, ஒரு விசிறி. ஏழே எழுத்துத்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் இடைவெளியைக் கையால் கொடுக்கவேண்டும். 'து'வின் கால் பக்கத்து எழுத்தில் முட்டாமல் இருக்க ஒரு கால் மில்லிமீற்றர் நகர்த்துவேன். அப்போது சொல் நடுவில் பிளந்து 'பருத்தித் துறை' ஆகிவிடும். திரும்பவும் நகர்த்து. இப்படி ஒரு முழு இரவு.

இடைவெளி சரியானதும் இன்னொரு கட்டளை. எழுத்தைப் 'பாதை'யாக மாற்றுவது. அச்சகத்தில் நான் பாவித்த எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்து சிதறிவிடும். எங்கள் ஊரில் பாமினியில் அடித்த கடிதத்தை வேறு கொம்பியூட்டரில் திறந்து ஆங்கில எழுத்துக் குப்பையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் நன்றாகத் தெரியும். பாதையாக மாற்றிவிட்டால் எழுத்துரு தேவையில்லை. ஒவ்வொரு எழுத்தும் வெறும் வளைவுகளாகிவிடும். வடை எப்படியோ, 'ப' அப்படி.

நான் அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டு ஃபைலை மறுபடி நோட்பாட்டில் திறந்தேன். முதலில் அதில் 'பருத்தித்துறை' என்று தமிழில் இருந்தது. இப்போது அந்த எழுத்துகளின் இடத்தில் வளைவுகளின் எண்கள். கொம்பியூட்டருக்கு அது இனித் தமிழ் இல்லை.

இந்த நாட்டில் தமிழ் எழுதிய பலகைகளில் பிழை ஏன் இவ்வளவு என்று நாங்கள் சமூக வலைத்தளத்தில் படம் போட்டுச் சிரிப்போம், கோபப்படுவோம். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. சட்டத்தில் மொழி இருக்கிறது. ஆனால் பலகையை வெட்டுகிறவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் அவருக்கு முன்னால் இருப்பதும் இந்தப் பாதைகள்தான். ஒரு கொம்பு இடம் மாறினாலும் ஒரு புள்ளி விழுந்தாலும் படம் படமாகவே இருக்கும். சொல்தான் இல்லாமல் போயிருக்கும். யாராவது வாசிக்கும்வரைக்கும் எழுத்தும் ஒரு படம்தான். இதை நான் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை, அந்தக் கட்டளையை அழுத்தியபோதுதான் விளங்கியது.

அண்ணாவோடு வந்த சண்டையும் இதைப் பற்றித்தான். அவருக்குச் சிப்பின் நடுவில் தமிழ் எண் மட்டும் வேண்டும். 1000 என்று இருக்கக்கூடாது, ௲ என்று இருக்கவேண்டும்.

தமிழ் எண்கள் வடிவமைக்கிறவருக்கு ஒரு கொடை, அதை ஒத்துக்கொள்கிறேன். பழைய முறையில் சைபர் கிடையாது. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள்: ௰, ௱, ௲. இருபத்தைந்தை இரண்டு, பத்து, ஐந்து என்று ௨௰௫ ஆக எழுதவேண்டும். ஐந்நூறு ௫௱. தமிழுக்கென்று சைபர் யூனிகோடில் சேர்ந்ததே 2005இல்தான். நாலு இலக்கத்தை நெருக்கிப் போடுகிற இடத்தில் ஆயிரத்துக்கு ஒரேயொரு குறி போதும். 39 மில்லிமீற்றருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அச்சுத்தாளில் ஒன்றுக்கொன்று அளவில் அடித்து, வெட்டி, மட்டையில் ஒட்டி நாற்பது சிப் செய்தேன். நாங்கள் நாலு பேரும் அன்றிரவு 304 விளையாடி அதில் எண்ணினோம். மற்ற மூன்று பேரும் கலைப்பீடம்தான், ஒருத்தி தமிழ் சிறப்புக்கலை. ௱ என்பதைப் பார்த்துவிட்டு ஒருத்தி "இது என்னடி, அரைவாசியில நிண்ட எழுத்தோ?" என்றாள். ஒருவருக்கும் ௲ தெரியவில்லை. நான் சொல்லிக்கொடுத்த பிறகும் ஆட்டம் முழுக்க அவர்கள் சொன்னது "அந்த மஞ்சளைத் தா", "ரெண்டு கறுப்பு". நிறத்தை வாசித்தார்கள். எழுத்தை இல்லை. அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். ௲ ஐப் பார்த்துவிட்டு அம்மா எழுதியது: "சூ மாதிரிக் கிடக்கு. சூது எண்டு எழுதாமலே எழுதிப்போட்டாய்."

அண்ணாவுக்கு இதைச் சொன்னேன். "பிள்ளையள் என்னெண்டு கேப்பினம்தானே, அப்ப சொல்லிக் குடுக்கலாம்" என்றார். "அண்ணா, உங்களுக்குத் தெரியுமோ ஐந்நூறை எப்பிடி எழுதிறது எண்டு?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்துவிட்டார்.

இதைப் புலம்பெயர்ந்தவர்களின் ஆசை என்று நான் கிண்டலடிக்கவில்லை. எங்களுக்கும் தெரியாது. எங்கள் ரூபாய்த் தாளில் 'ஆயிரம் ரூபாய்' என்று தமிழ்ச்சொல் இருக்கும், எண் 1000தான். தமிழ் எண் இன்றும் புழங்குகிற காசில் இருப்பது மொரீசியஸில். அங்கே 1998இல் வந்த புதிய தாள்களில் தமிழ் இருந்த வரிசை இடம் மாறியதற்குத் தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்து, அந்தத் தாள்களை மீளப்பெறவேண்டி வந்தது. அவர்களில் பெரும்பாலானோர் வீட்டில் கதைப்பது கிரெயோல். வாசிக்கத் தெரியாத எழுத்துக்காகவும் மனிதர்கள் தெருவுக்கு வருவார்கள். அலங்காரம் என்று சொல்லி அதை ஒதுக்கிவிடவும் முடியாது. ஆனால் சிப் என்பது பார்த்தவுடன் வாசிக்கவேண்டிய பொருள். வாசிக்க ஏலாத சிப்பை இரண்டு சனிக்கிழமைக்குப் பிறகு அலுமாரியில் வைத்துவிட்டு மண்டையோட்டுச் செட்டைத் திரும்ப எடுத்துவிடுவார்கள். அலுமாரியில் இருக்கிற தமிழ் யாருக்கு?

முடிவு விளிம்பிலிருந்து வந்தது. ஆட்டத்தில் கண் இருப்பது விளிம்பில் என்றால் ௲ இருக்கவேண்டிய இடமும் அதுதான். முகத்தின் நடுவில் படம், அதன் கீழே பெரிதாக 1000, அதற்குக் கீழே 'ஆயிரம்'. விளிம்பில் ஒவ்வொரு நிறக் கட்டத்துக்குள்ளும் ஒரு ௲, இரண்டு மில்லிமீற்றர் உயரத்தில். நூறில் ௱. இருபத்தைந்தில் ௨௰௫. நிறத்தைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் குறியையும் பார்ப்பார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. தெரியாதவர் கையில் எடுத்துத் திருப்பினால் முகத்திலேயே விடை இருக்கும். அண்ணா இரண்டு நாள் யோசித்துவிட்டு ஓம் என்றார்.

மாதிரிச் சிப்புகள் முதலில் ரொறன்ரோவுக்குத்தான் போயின. அண்ணாவின் மகளுக்கு ஒன்பது வயது. சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்புக்குப் போகிறவள். சொல்லை முழுதாகப் பார்த்து வாசிக்க இன்னும் வராது, எழுத்தெழுத்தாகத்தான் வாசிப்பாள். அண்ணா வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார். சிப்பைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் அவள் வாசித்தாள்: "ப... ரு... த... தி... த... து... றை."

எட்டுப் பெரியவர்களும் அதே சிப்பைப் பார்த்துப் 'பருத்தித்துறை' என்றே வாசித்திருக்கிறார்கள். அவர்கள் வாசித்தது தங்கள் ஞாபகத்தை. சிப்பில் இருந்ததை வாசித்தவள் அவள் ஒருத்திதான். புள்ளி இரண்டும் இல்லை.

காரணம் நான் முன்னர் ஞாபகத்தில் வைக்கச் சொன்ன விசயம். கடும் பச்சையில் வெள்ளை எழுத்து. வெள்ளைக்கு மை இல்லை, அது அச்சிடாமல் விட்ட இடம். சூட்டில் சாயம் ஆவியாகி ஏறும்போது ஓரங்களில் சற்றுப் பரவும். எழுத்தின் கோடு தாங்கிக்கொண்டது. 0.4 மில்லிமீற்றர் புள்ளியைச் சுற்றியிருந்த பச்சை மூடிவிட்டது. மாதிரி எடுப்பதே இப்படியானவற்றைப் பிடிக்கத்தான்.

ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடமாட்டார்கள் என்று இரண்டாம் வருடத்தில் படித்தோம். வாசிக்கிறவர் இடத்தைப் பார்த்து மெய்யா உயிர்மெய்யா என்று தானே தீர்மானிப்பார். அதற்கு வாசிக்கிறவருக்கு முன்பே மொழி தெரிந்திருக்கவேண்டும். அந்தப் பிள்ளைக்கு அது இல்லை. அவளிடம் இருப்பது எழுத்து மட்டும்தான். அந்தப் புள்ளி அவளுக்காகத்தான் அங்கே இருக்கவேண்டும்.

திரும்பவும் ஃபைலைத் திறந்து இரண்டு புள்ளியையும் 0.8 மில்லிமீற்றர் ஆக்கினேன். எழுத்தைவிடப் புள்ளி பெரிதாகத் தெரிந்தது. திரையில் பார்க்க வடிவில்லை. எழுத்துரு செய்கிறவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். பரவாயில்லை, சாயம் பரவினபின் அளவாக வரும் என்று கணக்குப் பார்த்துத்தான் விட்டேன். 'ஆயிரம்' என்பதில் 'ம்'முக்கும் அதே மாதிரி. இரண்டாவது மாதிரியில் அவள் 'பருத்தித்துறை' என்று ஒரே மூச்சில் வாசித்தாள். பிறகு வடையைப் பார்த்து "குக்கியா?" என்று கேட்டாள். அது வேறு பிரச்சினை, வெக்டரால் தீராது.

இப்போது முந்நூறும் அங்கே பாவனையில் இருக்கின்றன. போன மாதம் அண்ணா அனுப்பிய குரல் பதிவில் பின்னால் ஆட்டம் நடக்கிற சத்தம் கேட்டது. பாதி ஆங்கிலம், பாதித் தமிழ். ஆனால் பந்தயம் சொல்கிறபோது "ஐந்நூறு", "ஆயிரம்" என்றுதான் சொல்கிறார்கள். அது சிப்பால் வந்ததா, முதலே அப்படித்தானா என்று நான் கேட்கவில்லை. ௲ ஐ வாசிக்க இப்போது எட்டுப் பேருக்கும் வருமாம், அதை மட்டும் அவரே சொன்னார். காசும் அனுப்பியிருந்தார். அதில் லப்டொப்புக்கு இன்னும் நாலு ஜிபி றாம் போட்டேன். அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒட்டுவதற்கு ௧ முதல் ௲ வரை ஒரு பெரிய தாள் கீறித் தரச் சொல்லியிருக்கிறார்.

என்னிடம் இரண்டு ஃபைல்கள் இருக்கின்றன. ஒன்று அச்சுக்குப் போனது, எல்லா எழுத்தும் வளைவாக மாறியது. மற்றது மாற்றாத பிரதி. அதில் 'பருத்தித்துறை' இன்னும் எழுத்தாகவே இருக்கிறது. அழித்துவிட்டு நெடுந்தீவு என்றோ மூதூர் என்றோ மஸ்கெலியா என்றோ அடிக்கலாம். 304க்கு எண்ணவும் பாவிக்கலாம், கரும்பலகைக்குப் பக்கத்தில் பெரிதாக அடித்து ஒட்டவும் பாவிக்கலாம். யாருக்கும் வேணுமெண்டால் கேளுங்கோ, அந்த இரண்டாவதை அனுப்புகிறேன். புள்ளியை மட்டும் சின்னனாக்கிப் போடாதேங்கோ.